யாரோட ஓடி வந்தே?

போன மாதம் அடையாறிலிருந்து பிரவீன் ஃபோன் செய்தான். எங்கள் அலுவலகத்தில் ஜூனியராக இருந்தவன். இப்போது சொந்த அறை, சொந்த ஏசி, சொந்தத் தலைவலி. வெளிநாட்டவர் சட்டத்தைப் புதிதாக எழுதிவிட்டார்கள், இளம் வக்கீல்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம், போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு வழிகள் பற்றி நீங்கள் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றான்.

"நாலு பக்கமா? அவ்ளோ வழி இருந்திருந்தா நான் ஏன்டா இத்தனை வருஷம் முட்டுச்சந்துல நின்னேன்?"

"ஜோக் அடிக்காதீங்கக்கா. இன்னொண்ணு, இப்ப ஆப் வந்துடுச்சு. அவங்க பேசப் பேச அதுவே வாக்குமூலத்தை டைப் பண்ணிடுது."

"எந்தத் தமிழ்ல?"

"என்னக்கா கேள்வி இது? தமிழ்லதான்."

நாலு பக்கம் எழுத எனக்கு இஷ்டமே இல்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றவள். சரியாகச் சொன்னால், மயிலாப்பூரில் அப்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சட்ட உதவி மையம் ஓய்வு பெற்றது, நானும் கூடவே பெற்றேன். நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உலகத்தில் புதுப் போர்கள் கிடைத்துவிட்டன. பழைய போருக்கு யார் கொடுப்பார்கள்? அதில் படம் எடுக்கக்கூட வெளிச்சம் போதாது.

என் வேலையின் பெயர் மொழிபெயர்ப்பாளர். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்ற இடத்தில் எங்கள் சீனியர் 'தமிழ் – தமிழ்' என்று எழுதியிருந்தார். முதல் தடவை வந்த ஆடிட்டர் அச்சுப்பிழை என்று நினைத்து ஒரு தமிழை அடித்துவிட்டுப் போனார். எந்தத் தமிழை அடித்தார் என்று கடைசிவரை தெரியவில்லை. என் அனுபவத்தில் அடிபடுவது எப்போதும் வந்தவர்களின் தமிழ்தான்.

சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து கூவத்தின் மணத்தில் வளர்ந்தவள் நான். யாழ்ப்பாணத்துத் தமிழை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் படித்தேன். முதல் வாரம் வந்த பெரியவர் எந்தக் கேள்வி கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்... ஓம்..." என்றார். யாரோ சாமியார் வந்திருக்கிறார் என்று எங்கள் பியூன் கைகட்டி ஓரமாக நின்றுவிட்டார். பாவம், அவர் 'ஆமாம்' என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆர்மியோட கதைச்சனான்" என்று ஒரு பெண் சொன்னாள். கதை விட்டதாக ஓர் அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். அவள் பேசினாள், அவ்வளவுதான். "அண்ணாவைக் காம்புக்குக் கொண்டுபோச்சினம்" என்று ஒருத்தர் அழுதால், இங்கே கேட்பவர் அகதி முகாம் என்று நினைத்து, பரவாயில்லையே, இடம் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படுவார். அது ராணுவ முகாம். அங்கே இடம் எப்போதும் கிடைக்கும்.

ஒரே மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சந்தேகமே வராது.

எங்கள் சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட வீதிக்காரர், மூன்று தலைமுறையாக. என்னைத் தவிர எல்லாருக்கும் மரியாதை கொடுப்பார். இடுப்புக் குழந்தையைக்கூட 'வாங்கோ' என்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தாங்கள் சொல்வது பரம சத்தியம்" என்று எதிராளியிடம் சொல்லிவிட்டாரென்றால், அந்த எதிராளிக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்காது. அறையில் ஃபேன் போட மாட்டார். போட்டால் பேப்பர் பறக்கும். போடாவிட்டால் கிளையன்ட் பறப்பாரே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அவா பறந்துதானேம்மா வந்திருக்கா, இன்னும் எங்க பறக்கப்போறா?" என்றார்.

வாக்குமூலம் எடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை பேனாவின் மூடியைத் திறக்கவே மாட்டார். போரைப் பற்றிக் கேட்கவும் மாட்டார். கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் என்ன நாய், பள்ளிக்கூடத்துக்கு எந்த ஒழுங்கையால் போவீர்கள் என்று சம்பந்தமே இல்லாமல் கேட்பார். சந்து என்பதை அவர்கள் ஒழுங்கை என்பார்கள். அதை மட்டும் எப்படியோ கற்றுவைத்திருந்தார். வந்தவர் அந்த ஒழுங்கையில் நடக்க ஆரம்பித்து, தானாகவே குண்டு விழுந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுவார். இரண்டாம் தடவை நான் அதையே நம் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். வந்தவர் கேட்டுத் திருத்துவார். மூன்றாம் தடவைதான் மை. பிறகு உரக்க வாசிப்பார், தப்பு இருந்தால் கை தூக்கச் சொல்வார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இருந்தால், ஷெல் விழுகிற வரியில் கெட்டிமேளம் கேட்கும். வாசிப்பை நிறுத்தி, தாலி ஏறும்வரை காத்திருந்து, மறுபடி ஆரம்பிப்பார்.

உரிச்சொற்கள் அவருக்கு ஆகாது. 'கொடூரமான', 'கண்ணீர் மல்க' என்று நான் எழுதினால் அடித்துவிடுவார். "கண்ணீருக்கு இங்க யாரும் முத்திரை குத்த மாட்டா தேன்மொழி. என்ன நடந்ததுன்னு மட்டும் எழுது." கவிதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு நடந்த ஒரே இலக்கிய விமர்சனம் அதுதான்.

பிரவீன் கேட்ட வழிகளைப் பற்றி. படகில் வந்து இறங்கியவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து "எங்களுக்கு என்ன சட்டம் இருக்கு?" என்று கேட்பார். இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அகதிகள் பற்றிய உலக உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போட்டதும் இல்லை. சட்டத்துக்குத் தெரிந்தது வெளிநாட்டவர் ஒருவரைத்தான். மாமல்லபுரத்தில் இளநீர் குடிக்கும் வெள்ளைக்காரரும் கழுத்தளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஜாதி. எவ்வளவு சமத்துவம் பாருங்கள்! வெள்ளைக்காரரிடம் பாஸ்போர்ட் இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

போலீசில் பதிந்துகொண்டால் இருக்கலாம். இருக்கலாம் என்றால், போகச் சொல்லும்வரை. குடியுரிமை கேட்கலாமா? பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் 'சட்டவிரோதக் குடியேறி' ஆகிவிடுவீர்கள், கேட்க முடியாது. பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று அன்போடு கேட்ட அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். சரி, இந்தத் தொல்லையே வேண்டாம், ஊருக்கே போகிறேன் என்றால் போவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். புதுச் சட்டத்தில், ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் வந்து பதிந்த இலங்கைத் தமிழரைத் தண்டிக்க வேண்டாம் என்று ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. வந்ததற்கு அடி கிடையாது என்று இவ்வளவு காலம் கழித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சீனியர் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் அரசியல் சாசனத்தை எடுப்பார். "இருபத்தொண்ணாவது ஷரத்துல சிட்டிசன்னு போடல. பெர்சன்னு போட்டிருக்கா. உயிர் எந்தப் பெர்சனுக்கும் உண்டுன்னு. நீங்க பெர்சன்தானே?" வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "ஓம்" என்பார். அந்த யோசனைதான் எனக்குத் தாங்காது.

வதனியின் வழக்குக்கு வருகிறேன்.

போரின் கடைசி மாதங்களுக்குப் பிறகு, மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள் மூன்று பேர். வதனி, அவள் புருஷன் சிவநேசன், சிவநேசனின் அம்மா பாக்கியம். கோடம்பாக்கத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மாடியறை கொடுத்தார். ஒளிந்துகொள்ளத் தெரியாதவர்கள், வந்த மறுநாளே, பதிய வேண்டுமாம் என்று காவல் நிலையம் போனார்கள். பாக்கியத்துக்குக் காய்ச்சல், படுத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போனார்கள். அந்தக் காய்ச்சல் மட்டும் வராதிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஏட்டு நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். எப்படி வந்தீர்கள் என்று விசாரித்தார்.

"ஓடி வந்தனாங்கள் சேர்" என்றாள் வதனி.

ஏட்டு பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னாமா, லவ் மேட்டரா? யாரோட ஓடி வந்தே?"

"இவரோடதான்."

"ஊட்ல இன்னா சொன்னாங்கோ?"

"வீடே இல்லை சேர்."

"அந்த அளவுக்கு ஆயிப்போச்சா!" என்று வருத்தப்பட்டவர், 'வீட்டார் எதிர்ப்பால் ஓடி வந்த காதல் ஜோடி' என்று எழுதி வைத்தார். பெண்ணுக்கு ஓர் ஆறுதல் வார்த்தையும் சொன்னாராம்: "பயப்படாத, கொயந்த பொறந்தா அல்லாம் சரியாப் பூடும்."

எங்கள் நகரத்தில் ஓடி வந்தவள் என்றால் ஒரே அர்த்தம்தான். குண்டுக்குப் பயந்து ஓடலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. நாம் ஓடுவது பஸ்ஸுக்கும் காதலுக்கும்.

பாஸ்போர்ட் இல்லாமல் வந்த ஆண் என்பதால் சிவநேசனைச் 'சிறப்பு முகாமுக்கு' அனுப்பினார்கள். நமக்குச் சிறப்பு தரிசனம் தெரியும், சிறப்புப் பேருந்து தெரியும், தி. நகரில் ஆடிச் சிறப்புத் தள்ளுபடி தெரியும். சிறப்பு முகாமில் சிறப்பு என்னவென்றால் பூட்டு வெளிப்பக்கம் இருக்கும். பெண்கள் இரண்டு பேரையும் ஏன் திருப்பி அனுப்பக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. போருக்குப் பயந்து வந்தவர்களென்றால் இருக்கலாம். காதலுக்காக வந்தவர்களென்றால் வெறும் வெளிநாட்டவர், அடுத்த விமானம். ஊரில் சிவநேசனின் தம்பியை விசாரிக்க வேண்டுமென்று கூட்டிக்கொண்டு போன ராணுவத்தார் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அடுத்தபடி அண்ணனையும் கேட்டு வந்திருந்தார்கள். அந்த ஊருக்குத்தான் விமானம்.

விசாரணை நாளன்று சீனியர் மாடிப்படியில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "தப்புன்னு நீ சொல்லப்படாது. அவ சொன்ன சொல் இது, எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் இதுன்னு மட்டும் சொல்லு. அதிகாரிகளுக்குத் தப்புன்னு கேட்டாக் காது அடைச்சுக்கும்."

அந்த அதிகாரி பெயர் வேண்டாம். கனிவான முகம். ஏட்டு எழுதியதை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், வதனியைப் பார்த்து ஒரு தகப்பனின் குரலில் ஆரம்பித்தார்.

"நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா? கடலைத் தாண்டி ஓடி வர்ற அளவுக்கு என்னம்மா அவசரம்? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. ஊருக்குப் போ, அப்பா அம்மா கால்ல விழு, ஏத்துக்குவாங்க. பெத்த மனசு, எத்தனை நாள் கோவமா இருக்கும்?"

நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய தமிழ் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. நம் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நம்மை அவர்களுக்கு எப்போதுமே விளங்கும்.

"அவை செத்துப்போச்சினம் சேர்" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"அவள் பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று சொல்கிறாள்" என்றேன்.

"ஷெல் விழுந்து பங்கர் மூடிட்டுது. அம்மாவும் அப்பாவும் உள்ளுக்க. கிளறி எடுக்க ஏலாமப் போச்சு. அப்பிடியே விட்டுட்டுத்தான் ஓடி வந்தனாங்கள்."

பங்கர் என்பது குண்டுக்கு ஒளிய அவர்களே வீட்டு வாசலில் வெட்டும் குழி என்றேன். அவள் சொன்ன சொல் 'ஓடி வந்தனாங்கள்', எங்கள் ஊரில் அதற்குக் காதல் என்று பொருள், அவர்கள் ஊரில் ஓடுவது என்று பொருள் என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் மிகச் சுலபமானது.

அதிகாரி சிரமப்பட்டார். ஆனாலும் எழுதியதை எழுதியபடி காப்பாற்ற வேண்டுமே. "அது சரிங்க... ஆனா இவரோட ஓடி வந்தேன்னு இந்தப் பொண்ணே சொல்லியிருக்கே..."

பின்னால் பெஞ்சில் இருந்த பாக்கியம் எழுந்தார். வெள்ளைச் சேலை, மெலிந்த உடம்பு, முன்பல் இரண்டு இல்லை.

"தம்பி, நானும் ஓடித்தான் வந்தனான். அப்ப நான் ஆரோட ஓடினனான்?"

டைப்பிஸ்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்முவது போல மாற்றிக்கொண்டார். "யார் இவங்க?" என்றார் அதிகாரி. "அவளோட மாமி" என்று சீனியர் சொல்ல, "உங்க ஊட்டு மாமியா?" என்று டைப்பிஸ்ட் குழம்ப, மாமியார் என்று நான் விளக்கினேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஓடிய காதல் ஜோடி உலகத்தில் இவர்களாகத்தான் இருக்கும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

சீனியர் அப்போதுதான் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார். அவருடைய மரியாதை உச்சத்தில் இருந்தது.

"தாங்கள் சொல்வது பரம சத்தியம். ஓடி வந்ததா எழுதியிருக்கு. யாரோடன்னும் எழுதியிருக்கு. எதுகிட்டேர்ந்துன்னு மட்டும் யாரும் கேக்கலை. தாங்கள் கேட்டா நன்னாயிருக்கும்."

அதிகாரி கேட்டார். வதனி கிணற்றிலிருந்து ஆரம்பித்தாள். அவள் முடித்ததும், தம் உத்தரவில் காதல் ஜோடிக்குப் பதில் வேறு போட அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் சொல் கிடைக்கவில்லை.

"தப்பியோடி வந்தவர்னு அடி" என்றார் அதிகாரி.

"சார், அது அக்யூஸ்டுக்குப் போடறது" என்றார் டைப்பிஸ்ட்.

"அப்ப புலம்பெயர்ந்து."

"அது கட்டட வேலைக்கு வடநாட்லேர்ந்து வராங்களே சார், அவங்களுக்கு."

"இடம்பெயர்ந்து?"

"பஸ் ஸ்டாண்டை மாத்தினா மாரி கீதே சார்."

"தஞ்சம்! தஞ்சம் புகுந்தவர். அதான்யா சரியான வார்த்தை."

டைப்பிஸ்ட் தலையைச் சொறிந்தார். "சார், பேப்பர்ல டெய்லி வருதே. 'காதல் ஜோடி போலீசில் தஞ்சம்'."

இரண்டாயிரம் வருடத்து மொழி என்று மார் தட்டுகிறோம். ஒரு பெண் உயிரோடு இருக்க வந்தாள் என்று சொல்ல அன்றைக்கு அந்த அறையில் ஒரு சொல் அகப்படவில்லை. சீனியர் என்னைப் பார்த்தார். கவிதை எழுதுபவள், நானும் தேடினேன். எனக்கு வந்ததெல்லாம் உரிச்சொற்கள்.

"சாகாம இருக்க வந்தனாங்கள்" என்றாள் வதனி. "அப்பிடி எழுதேலாதோ?"

'உயிருக்குப் பயந்து' என்று நான் சொன்னேன். டைப்பிஸ்ட் 'உயிருக்குப் பயந்து ஓடி' என்று அடித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். "ஓடி வேணாம்யா. நாளைக்கு இன்னொருத்தன் யாரோடன்னு கேப்பான்." 'உயிருக்குப் பயந்து வந்து சேர்ந்தவர்கள்' என்று அது முடிந்தது. இருக்கலாம், மறு உத்தரவு வரும்வரை.

சிவநேசனை வெளியே கொண்டுவரப் பல மாதங்கள் ஆயின. மனைவியிடம் ஒப்படைக்கலாம், ஆனால் இவள் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கல்யாணப் பத்திரம் பங்கருக்குள் இருந்தது. சீனியர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் ஏட்டின் அறிக்கையை மனுவோடு இணைத்தார். "அரசாங்கமே எழுதியிருக்கே, இவா ரெண்டு பேரும் ஜோடின்னு. அதை நாம மறுக்கலாமோ?" அந்த நாட்டிலும் இந்த நாட்டிலும் அவர்கள் இருவரையும் சேர்த்து எழுதி மிஞ்சியிருந்த ஒரே காகிதம் அதுதான். ஏற்றுக்கொண்டார்கள். ஏட்டுக்கு நான் மனதுக்குள் ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

விடுதலையாகி வந்த அன்று சிவநேசன் நேரே எங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்தார். கையில் ஒரு பை. சீனியரைக் கும்பிட்டார். சீனியர் "வாங்கோ" என்றார், பிறகு "போங்கோ" என்றார். அவர்களைக் கோடம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட நான் லஸ் முனைவரை கூடப் போனேன். பாக்கியம் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார், தொலைந்து திரும்பக் கிடைத்த பொருளைப் போல.

பஸ் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளிப்போய் நின்றது. நின்றிருந்த கூட்டம் முழுவதும் ஓடியது. நானும் ஓடினேன், பழக்கம். கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டு திரும்பிக் கத்தினேன்: "ஓடி வாங்க, ஓடி வாங்க!"

மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"இல்லை அக்கா" என்றாள் வதனி. "இனி ஓடேலாது. அடுத்த பஸ்ஸில போவம்."

நான் இறங்கிவிட்டேன். கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இன்னாமா, விளையாடறியா? அடுத்த வண்டி இப்போதைக்கு வராது, சொல்லிட்டேன்."

பாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மகனின் கையை இன்னும் விடவில்லை. "ஆறுதலா வரட்டும் தம்பி" என்றார்.

"இன்னாது?" என்று கண்டக்டர் என்னைக் கேட்டார்.

அவர்கள் தமிழில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெதுவாக. நம் தமிழில் வேறு. அன்றைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.